ஒன்பது அடுக்குச் செருப்பு

மண் சரிகிறது.

முதலில் சத்தம் இல்லை. மேலே ஒரு வரிசைத் தேயிலைச் செடிகள் நின்றபடியே இடம் பெயர்கின்றன. பிறகுதான் சத்தம். வண்டிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எறிவதுபோல் ஐந்து முறை. அதன் பின் நீண்ட இரைச்சல்.

“மண்ணு வருது! ஓடுங்க! மேல பாக்காதீங்க, ஓடுங்க!”

காத்தாயியின் குரல். எங்கள் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள். தலையில் கூடை. நான் அக்காவின் இடுப்பைப் பிடித்து இழுக்கிறேன். அக்காவால் ஓட முடியாது. இடது காலில் வெட்டுக்காயம். ஆனாலும் ஓடுகிறாள். உடைகல் பரப்பிய சாலை. கூரான ஒரு கல்லின்மேல் அந்தக் கால் முழுப் பாரத்தோடு ஊன்றுவதைப் பார்க்கிறேன். அவள் கத்தவில்லை. காலில் செருப்பு இருக்கிறது. சாக்கில் தைத்த செருப்பு. அது தாங்குகிறது.

திரும்பிப் பார்த்தோம். நாங்கள் நடந்து வந்த சாலை இல்லை. சிவந்த சேறு இருந்தது. அதில் வேர் மேலாகச் செடிகள் கிடந்தன. என் துணிமூட்டையை ஓடும்போது போட்டுவிட்டேன். அது அடியில் போயிற்று. இரண்டு சேலை. ஒரு யாப்பிலக்கண நூல். நான் கையால் எழுதிய குறிப்பேடுகள் மூன்று.

காளயுக்தி வருடம். ஐப்பசியின் மூன்றாம் வியாழன். காலை எட்டு மணி இருக்கும். மடுல்சீமையிலிருந்து பசறைக்கு இறங்கும் சாலை. ஐரோப்பாவில் மூண்ட சண்டைக்கு அது ஐந்தாம் ஆண்டு.

இதைப் படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மலையில் பீரங்கி வெடிக்கவில்லை. ஒரு சிப்பாய்கூட வரவில்லை. போர் எங்களுக்கு இல்லாமைகளாக வந்தது. ரங்கூன் அரிசி குறைந்தது. மண்ணெண்ணெய் குறைந்தது. பதுளைக் கடைகளில் தோல் செருப்பு வருவது நின்றது. தோல் முழுவதும் பட்டாளத்துச் சப்பாத்துக்குப் போகிறது என்றார்கள். தோட்டத்து மருந்துச்சாலையில் இருந்தவர் படையோடு போனார். அவர் இடத்துக்கு ஒருவரும் வரவில்லை. என் அக்கா சிவகாமியின் கணவர் பஸ்ராவில் ஒரு முகாமில் கணக்கெழுதப் போனார். அவரை நான் அத்தான் என்பேன். அவர் கடிதம் மாதம் ஒன்று வந்தது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. பிறகு இல்லை.

எங்கள் அப்பா தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. பெரட்டில், காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் பதிவது அவர் வேலை. பிறப்பும் இறப்பும் பதிவதும் அவரே. அம்மா இல்லை. அத்தான் போன பிறகு அக்கா அப்பாவின் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் பண்டாரவளையில் தங்கி இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். புரட்டாசியில் அங்கே விஷக்காய்ச்சல் கண்டது. பள்ளியை மூடினார்கள். நான் வீட்டுக்கு வந்தேன். எனக்குப் பத்து நாள் பின்னால் காய்ச்சலும் தோட்டத்துக்கு வந்தது. லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், முதலில் இறந்தவன் வேலு. காத்தாயியின் கணவன். திங்களன்று தலைவலி என்றான். வியாழனன்று இல்லை.

அரிசி குறைந்ததால் வாசலில் மரவள்ளி நடச் சொல்லி உத்தரவு. எல்லா வீட்டிலும் கொத்தினார்கள். ஐப்பசி இரண்டாம் ஞாயிறு பிற்பகலில் அக்காவும் கொத்தினாள். அவளுக்கு அது பழக்கமில்லாத வேலை. மண்வெட்டி ஒரு கல்லில் பட்டு விலகியது. சத்தம் சின்னதுதான். இரும்பு கல்லில் உரசிய சத்தம். அடுத்து மெத்தென்று ஒன்று. இடது பாதம். பெருவிரலுக்குக் கீழே, ஓரத்திலிருந்து உள்ளங்கால்வரை. வெள்ளையாகத் திறந்தது. பிறகு சிவந்தது.

அப்பா வெந்நீர் வைத்தார். காயத்தை மூன்று தடவை கழுவினார். மஞ்சளும் நல்லெண்ணெயும் காய்ச்சி விட்டார். சுத்தமான வேட்டியைக் கிழித்துக் கட்டினார். அந்தக் கட்டை நான் என் கண்ணால் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. இதை அழுத்தி எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

திங்களன்று கால் வீங்கியது. காயத்தைத் தைக்க ஆள் வேண்டும். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முந்தின வார மழையில் சாலை இரண்டிடத்தில் சரிந்திருந்தது. மாட்டுவண்டி இல்லை. நாற்காலியில் வைத்துத் தூக்க ஆள் இல்லை. தூக்கக்கூடியவர்கள் எல்லோரும் படுத்திருந்தார்கள். நடக்கத்தான் வேண்டும். திறந்த காயத்தோடு, உடைகல் சாலையில், பசறைக்கு ஒரு நாள், அங்கிருந்து பதுளைக்கு ஒன்றரை நாள்.

அப்பாவிடம் ஒரு தோல் செருப்பு இருந்தது. அவர் கால் அளவு. குதி தேய்ந்து ஓட்டை விழுந்திருந்தது. அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அரிசிச் சாக்குகளைக் கேட்டாள். காலிச் சாக்குக்கு மட்டும் எங்கள் வீட்டில் பஞ்சமில்லை.

நான் ஏடு படிப்பவள். அக்கா கைவேலைக்காரி. ரவிக்கை, தலையணை உறை, மெத்தை எதுவும் அவள் கைக்கு வரும். ஆனால் செருப்பு தைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் தைத்ததில்லை. தைப்பது எங்களுக்குரிய வேலை அல்ல என்று எங்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள்.

அப்பா கதவருகில் நின்றார். “தோலத் தொடாத வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல,” என்றார்.

“சாக்குதானப்பா. நாம தின்ன அரிசி இருந்த சாக்கு.”

காத்தாயி அப்போது அங்கே இருந்தாள். வேலு இறந்த பிறகு அவள் லயக் காம்பராவில் தனியாக இருக்கமாட்டேன் என்று எங்கள் சமையலறைக்கே வந்துவிடுவாள். “கணக்கப்புள்ள ஐயா, பெரிய பாப்பா செருப்புக் கட போட்டா மொத ஆளா நான் வாங்குறேன்,” என்றாள். “பொறந்ததுலேர்ந்து இந்தக் காலுக்கு ஒண்ணுமே வாங்கிக் குடுக்கல. கோவிச்சுக்கிட்டு இருக்கு.”

முதல் முயற்சி திங்கள் மாலை. பாதத்தைச் சாக்கின்மேல் வைத்துக் கரியால் வரைந்தாள். ஒன்பது துண்டு வெட்டினாள். மரவள்ளி மாவைக் களியாகக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். காலையில் அது பலகைபோல் இருந்தது. தட்டினால் டொக்கென்றது. எனக்குப் பெருமை. காத்தாயி அதை எடுத்துப் பார்த்தாள். தண்ணீர் வாளியில் போட்டாள். நாங்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் ஒன்பதும் தனித்தனியாக மிதந்தன.

“ஐப்பசி மழையில நடக்கப் போறீங்க பாப்பா. களி திங்கிறதுக்கு,” என்றாள். “காலுக்கு இல்ல.”

இரண்டாம் முயற்சி செவ்வாய். இம்முறை பசை இல்லை. தையல் மட்டும். அக்கா சொன்னவற்றை நான் அன்றே எழுதிவைத்தேன். அந்தக் குறிப்பேடும் மண்ணுக்கடியில் போனது. நினைவிலிருந்து எழுதுகிறேன். தேவைப்படுபவர்கள் செய்துகொள்ளலாம்.

சாக்கின் இழை எல்லா அடுக்கிலும் ஒரே திசையில் போகக்கூடாது. ஒன்று நீளவாக்கில், அடுத்தது குறுக்காக. அப்போதுதான் நடக்கும்போது இழுபடாது. கோணி ஊசி. கயிற்று நாரைத் தேன்மெழுகில் இழுத்துத் திரித்த நூல். தையல் நடுவில் தொடங்கி வட்டமாக வெளியே போகவேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் பொம்மிவிடும். இவை எளியவை. கடினமானது அடிப்பக்கம். தரையில் முதலில் தேய்வது சாக்கு அல்ல, நூல். நூல் அறுந்தால் ஒன்பது அடுக்கும் பிரியும். எனவே அக்கா கடைசி அடுக்கில், தையல் போகும் வழியெல்லாம் சூட்டுக்கோலால் ஒரு பள்ளம் சுட்டாள். நூல் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது. பிறகு குங்கிலியத்தை ஆமணக்கெண்ணெயில் உருக்கி, அடுப்புச் சாம்பலும் செங்கல் தூளும் கலந்து, கொதிக்கக் கொதிக்கப் பூசினாள். பள்ளம் நிரம்பியது. நூல் மறைந்தது. செங்கல் தூள் வழுக்காமல் பிடிக்கும்.

வீடெல்லாம் கோயில் வாசனை. காத்தாயி மூக்கை உறிஞ்சினாள். “சாமியே வந்துரும்போல. வந்தா அரிசி கேப்போம்.”

குதிக்கு மட்டும் இன்னும் கெட்டியாக வேண்டும் என்றாள் அக்கா. காத்தாயி எழுந்து போனாள். திரும்பி வரும்போது முந்தானைக்குள் ஒரு முழத் துண்டு. ஸ்டோரில் தேயிலை அரைக்கும் இயந்திரத்தை ஓட்டும் கித்தான் பட்டை. அறுந்து எறிந்த துண்டு.

“எடுத்தியா, கேட்டு வாங்குனியா?” என்றார் அப்பா.

“கீழ கெடந்துச்சுங்க ஐயா. கெடக்குறத எடுக்காட்டி அதுக்கு வருத்தமா இருக்கும்.”

அப்பா சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்தது அந்த ஒரு தடவை.

மேல்பட்டைக்குப் பழைய சேலை. விரலிடுக்கில் வார் வைக்க முடியாது. காயம் அங்கே இருக்கிறது. எனவே பாதத்தின் நடுவில் ஓர் அகலப் பட்டை. கணுக்காலைச் சுற்றி இரண்டு நாடா. மூன்று முடிச்சு. மழையில் அவிழாத முடிச்சு.

புதன் மாலைக்குள் மூன்று ஜோடி. அக்காவுக்கு, எனக்கு, மூட்டை சுமந்து கூட வர இசைந்த காத்தாயிக்கு. அக்கா தன் செருப்பை வாளியில் போட்டாள். இரவு முழுவதும் ஊறியது. காலையில் எடுத்தபோது ஓர் அடுக்குகூட அசையவில்லை.

இனி எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது.

தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் கண்ணில் படும் இடத்தில் செருப்பு காலில் இருக்கக்கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லை. அப்பா செருப்பு வைத்திருந்தார். வீட்டிலிருந்து சாலை திரும்பும் முடக்குவரை போட்டு நடப்பார். முடக்கில் கழற்றிப் புதரில் வைப்பார். அங்கிருந்து அலுவலகம்வரை வெறுங்கால். எனக்கு எட்டு வயதில் பெரட்டுக் களத்தில் ஒருவரைப் பார்த்தேன். ஊரிலிருந்து புதிதாக வந்தவர். தன் செருப்பைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றார். பெரட்டு முடியும்வரை நின்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் கற்றுக்கொண்டோம். குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டால் போதும். துரை சவாரி வருகிறார். ஒதுங்கவேண்டும். வெறுங்காலைக் காட்டவேண்டும். இதற்கு யோசனை தேவையில்லை. தும்மலுக்குக் கை மூக்குக்குப் போவதுபோல் செருப்புக்குப் போகும்.

வியாழன் விடியலில் அப்பா கையெழுத்திட்ட சீட்டுடன் காவலைக் கடந்தோம். காய்ச்சல் காரணமாக யாரும் வெளியே போகக்கூடாது என்று உத்தரவு இருந்தது. காவல்காரர் சீட்டைத் தொடவில்லை. தூர நின்றே தலையசைத்தார். எட்டு மணிக்கு மண் சரிந்தது. அதை எழுதிவிட்டேன்.

காத்தாயி தன் செருப்பைப் போடவில்லை. கூடையில் வைத்துத் தலையில் சுமந்தாள். ஏன் என்று கேட்டேன். “புதுசு சின்ன பாப்பா. தேஞ்சு போயிரும்.” அக்கா சிரித்ததில் நடை தடுமாறியது. “நீ சிரிக்க வைக்காத காத்தாயி, கால் வலிக்குது,” என்றாள். அதற்குப் பிறகு காத்தாயி வேண்டுமென்றே பேசினாள். அக்கா வேண்டுமென்றே சிரித்தாள். அப்படித்தான் பசறைவரை வந்தோம். ஒரு கடை வாசலில் தங்கினோம். கட்டைப் பார்த்தேன். ஓரம் ஈரம். சேறு இல்லை. செருப்பின் அடியைத் தடவிப் பார்த்தேன். ஒரு நாள் உடைகல். குங்கிலியம் இரண்டிடத்தில் விரிந்திருந்தது. நூல் தெரியவில்லை.

வெள்ளி. மழை விட்டிருக்கிறது. பதுளைப் பக்கம் ஏறும் சாலை. பிற்பகல் மூன்று மணி. ஒரு வளைவு. வளைவில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டும் கல்தொட்டி. சுற்றிலும் சாணமும் மூத்திரமும் மழைநீரும் கலந்த சேறு. கணுக்கால் ஆழம். நாங்கள் சாலையின் நடுமேட்டில், உலர்ந்த இடத்தில் நடக்கிறோம்.

வளைவுக்கு அப்பால் குளம்புச் சத்தம்.

இந்த இடத்தை மெதுவாக எழுதவேண்டும். சவாரி போகும் குதிரையின் சத்தம் எனக்குத் தெரியும். சேணத்தில் ஆள் இருந்தால் குளம்பு கனமாக, சீராக விழும். இது அப்படி இல்லை. டக். டக். இடைவெளி. டக். தளர்ந்த நடை. கடிவாளம் இழுபடாத நடை. அதைக் கேட்டேன். கேட்டது நினைவிருக்கிறது. ஆனால் கை காதைக் கேட்கவில்லை.

“அக்கா, செருப்பு! துரை வர்றாரு!”

சொன்னவள் நான்.

என் செருப்பை உதறினேன். நொடியில் வந்துவிட்டது. அக்காவுடையது வராது. மூன்று முடிச்சு. அவளால் குனிய முடியவில்லை. நான் மண்டியிட்டேன். பல்லால் ஒரு முடிச்சு. விரலால் இரண்டு. செருப்பை உருவினேன். அவளைக் கைப்பிடித்து ஓரத்துக்கு இறக்கினேன். ஓரம் என்றால் தொட்டியடி. கட்டுப்போட்ட கால் சேற்றில் இறங்கியது. உறிஞ்சுவதுபோல் ஒரு சத்தம். அக்கா என் தோளை இறுக்கினாள். நாங்கள் தலை குனிந்து நின்றோம். காத்தாயி எதிர் ஓரத்தில் நின்றாள். அவளுக்குக் கழற்ற ஒன்றுமில்லை.

நின்ற நேரத்தை நான் எண்ணினேன். தொண்ணூறைத் தாண்டியிருக்கும்.

குதிரை வளைவில் வந்தது. சேணத்தில் ஆள் இல்லை. ஒரு குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடத்தி வந்தார். எங்களைப் பார்த்தார். எங்கள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார்.

“என்னாங்க இது, குதிரைக்கா மரியாத பண்றீங்க? எங்க தோட்டத்துத் துரை சண்டைக்குப் போயி ஆறு மாசமாச்சு. இது லொட்டக் குதிர. வாங்குறதுக்கு ஆள் தேடிக்கிட்டு இருக்கேன்.”

காத்தாயி சும்மா இருக்கவில்லை. “ஏன்யா, ஒரு பாட்டப் பாடிக்கிட்டு வந்தா என்ன? வாயில்லாம வர்றது குதிரையா நீயான்னு எங்களுக்கு எப்புடித் தெரியும்?”

அவர் சிரித்தார். குதிரை தொட்டியில் வாய் வைத்தது. அக்காவும் சிரித்தாள். சேற்றில் நின்றபடி சிரித்தாள்.

தொட்டித் தண்ணீரில் கட்டை அலசினேன். அந்தத் தண்ணீரில்தான் அலசினேன். அதே கட்டைப் பிழிந்து திரும்பக் கட்டினேன். செருப்பை மாட்டினேன். மூன்று முடிச்சும் போட்டேன்.

சனி நண்பகல் பதுளை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுவதும் காய்ச்சல்காரர்கள். பாய் போட இடமில்லை. காயத்தைத் தைத்தார்கள். ஞாயிறு, திங்கள், செவ்வாய், வீக்கம் வடிந்தது. புதனன்று டாக்டர் காலைப் பார்த்து நல்லது என்றார். வியாழனன்று அக்கா தலை சீவிக்கொண்டாள். மூன்று ஜோடி தைத்த கைக்கு இனி முப்பது தைக்க வரும் என்றாள். தோல் வராதவரை இதை விற்கலாம் என்றாள்.

வெள்ளி காலை. கஞ்சி கொடுத்தேன். கரண்டி பல்லில் இடித்தது.

“வாய் தொறக்க மாட்டேங்குது,” என்றாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. நான் பதிலுக்குச் சிரித்தேன். அவள் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணில் நீர் வழிந்தபோதும் அடங்கவில்லை. அது சிரிப்பு அல்ல.

காயம் கட்டுபவர் வந்தார். தாடையைத் தொட்டுப் பார்த்தார். என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்தார். மெதுவாகக் கேட்டார்.

“தங்கச்சி, வர்ற வழியில குதிர கட்டுற எடத்துல எங்கயாவது கால வச்சாங்களா?”

அவர் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். வாய்ப்பூட்டு ஜன்னி என்றார். குதிரைச் சாணத்தில் அந்த விஷம் இருக்கும் என்றார். இதற்கென ஊசி மருந்து ஒன்று உண்டு. வருவதெல்லாம் படைக்குப் போகிறது என்றார்.

பிறகு டாக்டர் வேறொன்றும் சொன்னார். மண்வெட்டியிலிருந்தும் வந்திருக்கலாம்; உறுதியாகச் சொல்ல முடியாது. அதையும் எழுதிவைக்கிறேன். அவர் சொன்னது அவர் சாட்சியம். நான் தொட்டியடியில் இருந்தேன். அவர் இல்லை.

அக்காவை இருட்டறைக்கு மாற்றினார்கள். வெளிச்சம் படக்கூடாது. சத்தம் கேட்கக்கூடாது. கதவு கிறீச்சிட்டால் உடல் வில்லாக வளைந்தது. குதியும் பின்தலையும் மட்டும் கட்டிலில் பட்டன. அறிவு தெளிவாக இருந்தது. இந்த நோயில் அறிவு கடைசிவரை தெளிவாக இருக்கும். கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன். வாசலில் சாக்குகளை விரித்தேன், நடப்பவர்களின் அடி கேட்காமலிருக்க. காத்தாயி வெளியே நின்று வருபவர்களை எல்லாம் கையால் அமர்த்தினாள். சனி, ஞாயிறு, திங்கள்.

செவ்வாய். காலை ஒன்பது. மாதா கோவில் மணி.

அடிக்கிறது. நிற்கவில்லை. இன்னொரு மணி சேர்கிறது. அக்கா வளைகிறாள். நான் அவள் காதுகளை என் உள்ளங்கைகளால் மூடுகிறேன். கடைத்தெருப் பக்கம் தாரை. பிறகு முதல் வெடி. சீன வெடி. ஒரு சரம் முழுவதும். அடுத்த சரம். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்று.

வெளியே காத்தாயி கத்துகிறாள்.

“வெடி போடாதீங்கய்யா! உள்ள ஒரு உசுரு துடிக்குது! நிறுத்துங்க! நிறுத்துங்கய்யா!”

தெருவிலிருந்து யாரோ பதிலுக்குக் கத்துகிறார்கள்.

“சண்ட முடிஞ்சிருச்சும்மா! செயிச்சாச்சு!”

வெடித்தவை எத்தனை என்று தெரியாது. வளைந்தவை தெரியும். பதினேழு. பதினேழாவதில் ஓர் எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. மெல்லிய சத்தம். காய்ந்த குச்சி. அக்கா கத்தவில்லை. கத்த வாய் திறக்காது.

புதன். காலை பத்து மணி பத்து நிமிடம். அவள் மூச்சு நின்றது. தாடை அதன் பிறகுதான் தளர்ந்தது.

எங்கள் பாடத்தில் வழிநடை போகும் பெண்களின் பாதங்களைப் பாடிய பாட்டுகள் உண்டு. மென்மையைச் சொல்லும். சிவந்ததைச் சொல்லும். அவற்றை மனப்பாடமாகச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

வெள்ளியன்று நானும் காத்தாயியும் திரும்பினோம். தொட்டியைக் கடந்தோம். சனி மாலை வீடு. அப்பா வாசலில் நின்றார். செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்.

“செருப்பு தாங்குச்சா?”

“தாங்குச்சுப்பா.”

“அப்புறம் எப்படி?”

சொன்னேன். குளம்புச் சத்தம், முடிச்சு, சேறு, தொட்டித் தண்ணீர். எதையும் விடவில்லை. அவர் கேட்டுக்கொண்டே நின்றார். “நானா இருந்தாலும் கழட்டத்தான் சொல்லிருப்பேன்,” என்றார். பிறகு உள்ளே போனார். இறப்புப் புத்தகத்தை எடுத்தார். நான் பின்னால் போய் நின்றேன். சிவகாமி என்று எழுதினார். வயது இருபத்து மூன்று. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. மையில் மறுபடி தோய்த்தார். விஷக்காய்ச்சல் என்று எழுதினார்.

“அப்பா, அது இல்ல.”

“இருக்கட்டும்மா. உன்ன யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாது.”

திங்கள் பெரட்டுக்குக் காத்தாயி செருப்போடு வந்தாள். கூடையில் அல்ல. காலில். கங்காணி பார்த்தார். எங்கள் தோட்டத்துத் துரை பங்களா வாசலில் சால்வை போர்த்தி நின்றார், அவரும் பார்த்தார். வரிசையில் பாதி ஆள் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

காத்தாயி என்னிடம் வந்து நின்றாள். “இவ்வளவுதானா பாப்பா?” என்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

இனி இழந்தவை.

நூல் ஒன்று. குறிப்பேடு மூன்று. சேலை இரண்டு. அக்காவின் செருப்பு ஒரு ஜோடி. காய்ச்சல் வார்டுத் துணிகளோடு சேர்த்து எரித்தார்கள். எரிக்கும் முன் அடியைப் பார்த்தேன். நூல் வெளியே தெரியவில்லை.

அத்தானைப் பற்றித் தகவல் இல்லை. இழப்பில் சேர்க்கவில்லை. சேர்க்காமலும் இல்லை. அக்காவின் செய்தியை எழுதி அனுப்பிய கடிதம் திரும்பி வரவில்லை.

எங்கள் லயத்தில் வேலு. கொழுந்தெடுத்த ராக்கு. ராக்குவின் மாமியார், எல்லோரும் கிழவி என்றுதான் கூப்பிட்டோம், பெயர் பேச்சியம்மாள் என்று புத்தகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கவ்வாத்து வெட்டிய பழனி. பழனியின் மகள்கள் செல்லி, பாப்பு. ஸ்டோர் அடுப்பில் தீப் போட்ட சுப்பன்.

புத்தகத்தில் எட்டு என்று இருக்கிறது. எட்டுக்கும் காரணம் விஷக்காய்ச்சல் என்று இருக்கிறது. அப்பாவின் கையெழுத்து. அவர் இருக்கும்வரை அதைத் தொடவில்லை. இப்போது அவர் இல்லை. திருத்துகிறேன்.

காய்ச்சலில் இறந்தவர்கள் ஏழு பேர். எட்டாமவள் சிவகாமி. ஆளில்லாத குதிரைக்கு ஒதுங்கி வெறுங்காலோடு நின்றதால் இறந்தாள். முடிச்சை அவிழ்த்தவள் நான்.